பக்கத்தில் நிற்கிறவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தால் வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பாட்டு தனக்காக இல்லை என்று தெரிந்துவிட்டால் கணவனுக்கு அடிவயிற்றில் எரியத்தான் செய்யும். மாஸ்டருக்கு எரிந்தது.

கட்டிலில் புரண்டு படுத்து, கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் ட்ரோனை மல்லாத்திப் போட்டிருந்தாள். நான்கு இறக்கைகளின் ஓரத்தையும் ஒவ்வொன்றாக நகத்தால் வருடிப் பார்த்தாள். மயிரிழை விரிசல் இருந்தாலும் நகத்தில் தட்டிவிடும். அவள் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அடுத்தவர் வாய்க்குள் போகப்போகும் பல்லையும் இப்படித்தான் தடவிப் பார்த்து அனுப்புவாள். தன் சட்டைக் காலரை அவள் கடைசியாக எப்போது இவ்வளவு அக்கறையாகத் தொட்டாள் என்று யோசித்தார் மாஸ்டர். ஞாபகம் வரவில்லை.

"காத்து அடிக்குதே," என்றார் படுத்தபடியே.

"இலைதாங்க ஆடுது. கிளை ஆடினாத்தான் போகக் கூடாது."

"யார் சொன்னா?"

"சங்கத்துல."

"சங்கத்துல யாரு?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "எல்லாரும்தான்."

அந்த எல்லாருக்குள்ளும் ஒரு தாடி இருக்கிறது என்று மாஸ்டருக்குத் தெரியும். ட்ரோன் பறக்கவிடுகிற அந்தச் சங்கத்துக்காரர்கள் ஃபோனில் அனுப்பிக்கொள்ளும் படங்களை அவள் குளிக்கப் போயிருந்தபோது பார்த்துவிட்டார். அவள் கையில் கன்ட்ரோலர். அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு நெடிய ஆள், அளவாகக் கத்தரித்த தாடி. அடுத்த வாரப் படத்திலும் அதே தாடி. அதற்கடுத்த வாரமும். மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். கிளட்சை மிதித்து மிதித்து மாஸ்டரின் இடது முழங்கால் ஒரு வருஷமாகப் படுத்துகிறது. இனி அது கழன்று விழுந்தாலும் அந்த ஆளிடம் காட்டப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ட்ரோனை வாங்கியதே அவர்தான். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வண்டிகளை வரிசையாக நிறுத்தி மேலேயிருந்து விளம்பரப் படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினார். கூட வந்த புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. "ஸ்டீரிங் பிடிச்ச கைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கூடத்திலேயே கிளப்பினார். அது நேராகப் போய் ஜன்னல் திரையைக் கிழித்து, பூச்சாடியைத் தள்ளி, சோபாவுக்கு அடியில் புகுந்து சுற்றியது. அன்றைக்கே பெட்டியில் போட்டு அலமாரி உச்சிக்கு ஏற்றிவிட்டார். பல மாதம் கழித்து, தூசி தட்டும்போது அவள் அதை இறக்கினாள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ட்ரோனை முறைப்படி பதிவு செய்தாள். எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடைசியில் சங்கத்தையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் கொண்டுபோய் விடட்டா?"

"பஸ் இருக்குங்க. உங்களுக்கு ஒன்பது மணிக்குக் கிளாஸ் இருக்கே."

கிளாஸ் இருக்கிறது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். நினைவு வந்ததும் கூடவே ஒரு யோசனையும் வந்தது.

*

ஒன்பது மணி மாணவர் கேக் கடைக்காரர். மாவு பிசைகிறவரின் கனத்த கைகள், ஸ்டீரிங்கையும் பிசையும்.

"நேராப் போங்க. மைதானத்துப் பக்கம் விடுங்க," என்றார் மாஸ்டர்.

"அங்க திருப்பம் ஜாஸ்தியாச்சே மாஸ்டர். போன வாரம் அங்கெல்லாம் வேணாம்னீங்க?"

"போன வாரம் போன வாரம்."

மைதானத்தின் ஓரமாக ஒரு நடைபாதை, அதையொட்டிச் சாலை. வரிசை மரங்களின் மறைவில் மெல்ல ஓட்டச் சொன்னார். கேக் கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கோல் கம்பங்களுக்கு அந்தப் பக்கம், கயிறு கட்டிய சதுரத்துக்குள் சங்கத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். நடுவில் அவள். குனிந்த தலையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தாடி. அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அசைவது தெரிகிறது, கேட்பது அவளுக்கு மட்டும்.

அவள் தலையாட்டினாள். மறுபடியும் தலையாட்டினாள்.

கல்யாணமான நாளிலிருந்து தான் பேசியதற்கு அவள் இப்படி அடுத்தடுத்துத் தலையாட்டி மாஸ்டர் பார்த்ததே இல்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"மெதுவா, மெதுவா. நிறுத்துங்க."

கேக் கடைக்காரர் பதறிப்போய் எதையோ மிதித்தார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. நிலைதடுமாறிய கை ஹாரனில் விழுந்தது. ஹாரன் ஊரைக் கூட்டியது. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள், நாயை நடத்திக்கொண்டிருந்தவர்கள், சங்கத்தில் சும்மா நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். வண்டியின் கூரையில் மஞ்சள் பலகை, அதில் பெரிய எழுத்தில் ஸ்கூலின் பெயர். மாஸ்டர் இருக்கையில் சறுக்கி, கண்ணாடி மட்டத்துக்குக் கீழே போனார்.

எல்லாரும் பார்த்தார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் திரும்பவில்லை. அவள் திரையையும் அவன் வானத்தையும் பார்த்தபடியே நின்றார்கள், உலகத்தில் ஹாரன் என்று ஒன்று இல்லாதது போல.

"அது உங்க வீட்டம்மாதானே மாஸ்டர்?" என்றார் கேக் கடைக்காரர்.

"ரோட்டைப் பாருங்க."

"வண்டி நிக்குதே மாஸ்டர்."

"நிக்கும்போதும் ரோட்டைத்தான் பார்க்கணும்."

*

மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேவு பார்க்க வந்தீங்களாமே."

"கிளாஸ் எடுக்க வந்தேன்."

"தலையில மஞ்சள் பலகையை வச்சுக்கிட்டு ஒளிஞ்சு நின்ன ஒரே ஆள் நீங்கதான்னு சங்கமே சிரிக்குது."

"நீ திரும்பிக்கூடப் பார்க்கலியே."

"பார்க்கக் கூடாதுங்க. அது மேல இருக்கும்போது நான் திரையைப் பார்ப்பேன். திரையில முன்னால இருக்கறது மட்டும்தான் தெரியும். பக்கத்துல மரம் இருக்கா, பின்னால பருந்து வருதா, கீழ ஆள் நடக்கறாங்களான்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல நிக்கிறவர் அதைவிட்டுக் கண்ணை எடுக்காம பார்த்துச் சொல்லணும்."

"அதை அவ்வளவு குழைஞ்சு சொல்லணுமா?"

"கத்தினா கை உதறும்."

மாஸ்டர் தட்டில் கோடு போட்டார். "இனிமே நான் நிக்கிறேன்."

அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். "வேணாங்க."

"ஏன்? எனக்குக் கண் தெரியாதா? இருபது வருஷமா ரோட்டைப் பார்த்துப் பார்த்தே பொழைக்கறேன்."

"கண்ணு தெரியும். நீங்களும் நிப்பீங்க. உங்க கைதான் நிக்காது."

 அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று ஆரம்பித்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லித் தருகிறவருக்கும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் போவதற்கு முன்னால் அவர் கால் போய்விடும். அவள் திருப்புவதற்கு முன்னால் அவர் கை ஸ்டீரிங்கில் இருக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் நடுரோட்டில் சாவியைப் பிடுங்கி அவர் மடியில் போட்டுவிட்டு, "நீங்களே ஓட்டிக்குங்க," என்று இறங்கி நடந்தாள். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டரின் மனைவி இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறாள். யாராவது கேட்டால், "அவளுக்குப் பயம்," என்று சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார்.

"ஒரு தடவை," என்றார். "ஒரே ஒரு தடவை நிக்க விடு. சரியில்லைன்னா அப்புறம் கேக்க மாட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கெஞ்சுகிற குரல் அவரிடமிருந்து வருவது அவளுக்குப் புதிது. அதில் ஏமாந்துவிட்டாள் பாவம்.

*

சங்கத்துத் தலைவி சலவைக்கடை வைத்திருக்கிறவர். வெள்ளை வெளேர் என்ற சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாத பேச்சு. அடுத்த ஞாயிறு மாஸ்டரைத் தனியே நிறுத்தி வகுப்பெடுத்தார்.

"ஆள் தலைக்கு மேல போகக் கூடாது. யார் வீட்டு ஜன்னலையும் எட்டிப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியற தூரம்தான் நம்ம தூரம். அந்தப் பாதையில யாராவது வந்தா உடனே சொல்லணும். நீங்க சொன்னதும் அவங்க கையை எடுத்துடுவாங்க."

"கையை எடுத்தா விழுந்துடாதா?"

"விழாது. கன்ட்ரோலர் குச்சியை விட்டுட்டா இருந்த இடத்துலயே நிக்கும். இதுக்கு அதுதான் பிரேக்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது பிரேக்காம். மாஸ்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. நிக்கிறவங்க கன்ட்ரோலரைத் தொடவே கூடாது. சொல்றதோட சரி."

"தெரியும்மா."

"எல்லாரும் தெரியும்னுதான் சொல்வாங்க."

அவள் ட்ரோனைப் புல்வெளியில் வைத்தாள். உடனே கிளப்பவில்லை. கிளம்புகிற இடம் எது என்று அது மனதில் வாங்கிக்கொள்ளும்வரை திரையைப் பார்த்துக் காத்திருந்தாள். பிறகு தலை உயரத்துக்கு ஏற்றி, குச்சிகளை நான்கு திசைக்கும் கொஞ்சம் அசைத்து, சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று பார்த்தாள். அதன் பிறகுதான் மேலே அனுப்பினாள்.

மாஸ்டர் முதலில் நன்றாகத்தான் பார்த்தார். "மரத்துக்கு ரொம்ப தள்ளி இருக்கு," "காக்கா ரெண்டு போகுது, கண்டுக்கல," என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் அவருக்கு! நெஞ்சு குளிர்ந்தது. இதையா இத்தனை மாதம் ஒருத்தன் அனுபவித்தான் என்று நினைத்ததும் குளிர்ந்த இடம் மறுபடி சூடாகிவிட்டது.

அப்போதுதான் தாடி வந்தான். தாமதமாக வந்து, பையை வைத்து, கயிற்றுக்கு வெளியே நின்றான். நேராக இவர்களைப் பார்த்தான். இல்லை, அவளைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு லேசாகச் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறான்? இவள் பார்த்துவிட்டாளா? மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் உதட்டோரத்திலும் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. திரையைப் பார்த்தா, அவனைப் பார்த்தா? மறுபடி அவனைப் பார்த்தார். அந்தத் தாடியை மூக்கு முதல் காது வரை அளந்தார். நரை ஒன்றுகூட இல்லை. சாயம் போடுகிறானோ?

"கோலுக்குப் பக்கத்துல வர்றேனா?" என்று கேட்டாள் அவள். "எங்க இருக்குங்க?"

மாஸ்டர் நிமிர்ந்தார். வானம் இருந்தது. ட்ரோன் இல்லை. தூரத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. எது பறவை, எது அது என்று தெரியவில்லை. தாடி பார்த்துக்கொண்டிருக்கிறான். இவன் முன்னால், காணோம் என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் இல்ல. வா, வா," என்றார்.

அவள் நம்பினாள். முகப்பை இவர்கள் பக்கம் திருப்பி, தாழ்த்திக்கொண்டு வந்தாள். ரீங்காரம் கேட்ட பிறகுதான் அவருக்கு அது கண்ணில் பட்டது. கோல் கம்பத்துக்குப் பின்னால், நினைத்ததைவிடக் கீழே. மாஸ்டருக்கு வலது பக்கம், பாதையில் ஒருவர் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கையை எடுத்திருப்பாள், அது அங்கேயே நின்றிருக்கும். ஆனால் மாஸ்டரின் வாய் திறப்பதற்குள் கை போய்விட்டது. வலது குச்சியைப் பிடித்து இடது பக்கம் தள்ளினார். குழந்தை வலப்பக்கம் இருந்தால் வண்டியை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம் அது. காருக்குச் சரி. ஆனால் அந்த ட்ரோன் இவர்களைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தது. எதிரே நிற்கிற ஆளின் இடது கை நமக்கு வலது பக்கம். அதற்கு இடது எதுவோ அந்தப் பக்கம் அது சீறிக்கொண்டு போனது, நேராகக் குழந்தை வண்டியை நோக்கி.

அவள் முழங்கையால் அவர் கையை இடித்துத் தள்ளினாள். தள்ளிய அதே மூச்சில் குச்சியை மாற்றினாள். பாதிதான் திரும்பியது. கோலின் வலையில் போய்ச் சிக்கி, இறக்கைகள் நூலைச் சுருட்டிக்கொண்டு கத்தின. மோட்டாரை அணைத்தாள்.

வலைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குழந்தை வண்டி நின்றது. தகப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. வலையில் தொங்கிய ட்ரோனைப் பார்த்துக் குழந்தை கைதட்டியது.

*

தலைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். தகப்பனிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். அவள் வலையிலிருந்து ட்ரோனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு இறக்கை இரண்டாக ஒடிந்து, இறக்கையைத் தாங்கும் ஒரு கை விரிசல் விட்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"என் தப்பு," என்றாள் அவள். "நான்தான் ஓட்டினேன்."

"ஆள் வர்றதை உங்களுக்குச் சொன்னாங்களா?"

"குச்சி என் கையில இருந்துச்சு. நான்தான் பொறுப்பு."

"அப்போ கொஞ்ச நாளைக்கு நீங்க பறக்கவிட வேண்டாம். நான் சொல்ற வரைக்கும்."

"சரிங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஒடிந்த இறக்கையைக் கைக்குட்டையில் சுற்றினாள். மாஸ்டர் பக்கம் பார்க்கவே இல்லை. ஞாயிறு காலைகளில் பாட்டு முணுமுணுத்த வாய் அது. இனி அடுத்த ஞாயிறு அந்த வாய் எதை முணுமுணுக்கும்? தாடி பறித்துக்கொண்டுவிட்டான் என்று இத்தனை நாள் எதை நினைத்துப் புழுங்கினாரோ, அதைத் தன் கையாலேயே பறித்துவிட்டார். அவளோ ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அவ தப்பு இல்லம்மா," என்றார் மாஸ்டர்.  "நான்தான் குச்சியைப் பிடிச்சேன்."

"அது நாங்க எல்லாரும் பார்த்தோம்."

"அதுக்கு முன்னாலயும் என் தப்புதான். அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி வான்னு சொல்லிட்டேன்."

"ஏன் தெரியல? அதைப் பார்க்கத்தானே நின்னீங்க?"

சங்கமே சுற்றி நின்றது. பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். வெயில் கூசியது என்று சொல்லியிருக்கலாம்.

"அவரைப் பார்த்துட்டிருந்தேன்," என்று தாடியைக் காட்டினார்.

தாடி தன் தாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "என்னையா? எதுக்கு சார்?"

"சாயம் போடறீங்களான்னு."

யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது. அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எரிக்கிற பார்வைதான், ஆனாலும் பார்த்தாள்.

"போடறதில்ல சார்," என்றான் தாடி பாவமாக.

தலைவி யோசித்தார். "பொறுப்பு அவங்களோடதுதான், அதை மாத்த முடியாது. அவங்க பறக்கவிட வேண்டாம். ஆனா பக்கத்துல நிக்கலாம். நீங்க மறுபடி வரணும்னா முதல்லேருந்து கத்துக்குங்க. சங்கத்துல ஒரு பழைய குட்டி ட்ரோன் இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு அதுதான்."

*

வழியெல்லாம் அவள் ட்ரோனை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மேஜையில் துண்டை விரித்து, விரிசல் விட்ட ட்ரோன் கையைப் பல் கூடத்தில் பயன்படுத்தும் பசையால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் எதிரே உட்கார்ந்து விளக்கைத் தூக்கிப் பிடித்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சாயம் போடறானான்னா பார்த்தீங்க?"

"ம்."

"எனக்கு முன்நெத்தியில நரை வந்து ஒரு வருஷம் ஆச்சு. அது தெரியுமா உங்களுக்கு?"

மாஸ்டர் அவள் நெற்றியைப் பார்த்தார். இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது.

"நீ அவர் சொன்னா உடனே கேக்கற," என்றார். "எனக்கு அதுதான் எரிஞ்சுது. நான் சொன்னா என்னைக்காவது கேட்டிருக்கியா?"

"அவர் சொல்லிட்டு விட்டுடறார். நீங்க சொல்லிட்டுப் பிடிச்சுக்கறீங்க." பசை காயும்வரை அழுத்திப் பிடித்தபடியே சொன்னாள். "அந்த ஆளுக்கு நான் யாருன்னுகூட ஒழுங்காத் தெரியாது. போன மாசம்தான் என் பேரே கேட்டாரு. இத்தனை நாள் பக்கத்துல நின்னவரு ஒரு தடவை என் முகத்தைப் பார்த்திருப்பாரான்னு சந்தேகம். அப்படித்தான் நிக்கணும். அதனாலதான் எனக்குத் தைரியம் வருது."

"அப்போ நான் நின்னா?"

"விளக்கை ஆட்டாதீங்க."

அவ்வளவு கேட்டும் மாஸ்டருக்கு எரிச்சல் முழுசாக அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகத்தைக்கூடப் பார்க்காத ஒருத்தன் தைரியம் கொடுத்தான், இத்தனை வருஷம் கூட வாழ்ந்த தான் கொடுக்கவில்லை என்றால், அது இன்னும் மோசமாகத்தானே எரியும்?

*

அடுத்த ஞாயிறு குட்டி ட்ரோனை அவர் கையில் கொடுத்தார் தலைவி. பல தலைமுறைப் புதியவர்கள் மோதி மோதி, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது அது. அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இறக்கைகளை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னாள். தடவினார். காத்திருக்கச் சொன்னாள். காத்திருந்தார். தலை உயரத்துக்கு ஏற்றினார். கை வியர்த்து குச்சி வழுக்கியது. முதல் நாள் கேக் கடைக்காரருக்கு ஸ்டீரிங்கில் இப்படித்தான் வியர்த்திருக்கும். அந்த மனுஷனிடம் எவ்வளவு வள்ளென்று விழுந்தோம் என்று தோன்றியது.

"நல்லாயிருக்கு," என்றாள் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் மேல."

மேலே போனது. முகப்பைத் தன் பக்கம் திருப்பினார். இடது எது, வலது எது என்று மூளை முடிச்சுப் போட்டுக்கொண்டது. அது மரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.

"மரம் பக்கத்துல வருது," என்றாள். அதே குரல், அதே தணிவு. கையை நீட்டவில்லை.

"எந்தப் பக்கம் தள்ளணும்?"

"எதுவும் தள்ள வேணாம். விடுங்க."

அவர் விரல்களை எடுத்தார். அது நின்றது. மரத்துக்கு இந்தப் பக்கம், காற்றில் லேசாக ஆடியபடி, அப்படியே நின்றது.

மாஸ்டர் மூச்சு விட்டார். பக்கத்தில் அவள் மூச்சு விடுவதும் கேட்டது. பசையும் மெழுகும் கலந்த அவள் பல் கூடத்து வாசனை இவ்வளவு கிட்டத்தில் வந்து எத்தனை நாளாயிற்று. அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தவித்தார். ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் அண்ணாந்து அந்த ஒட்டுப்போட்ட பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகூட ஆடவில்லை. இப்போது அதன்மேல் வந்தது அவருக்குப் பொறாமை.

"இந்தா," என்றார். "ஒரு தடவை என்னைப் பாரேன்."

"மாட்டேன். நீங்க திரையைப் பாருங்க."

"ஒரே ஒரு தடவை."

"அது மேல இருக்குங்க. முதல்ல இறக்குங்க."

அவர் இறக்க ஆரம்பித்தார். அவசரக்காரர்தான், ஆனாலும் இடது குச்சியை ஒரு நெல் அளவுகூட அதிகமாக இழுக்கவில்லை.

"இன்னும் மெதுவா," என்றாள்.

இன்னும் மெதுவாக இறக்கினார். புல் நுனிகள் விலகிப் படுத்தன. அது தரையைத் தொட்டது.

"இப்போ?"

"இறக்கை முழுசா நிக்கட்டும்," என்றாள் அவள், கண்ணை எடுக்காமலே.